பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்: எங்கிருந்து தொடங்குவது?

மாலை வகுப்புக்காக என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒரே கேள்வியைக் கேட்பேன். சமூக அறிவியலை எப்படிப் படிக்கப் போகிறீர்கள்? பதிலும் ஆண்டுதோறும் ஒன்றுதான்: "மனப்பாடம் செய்ய வேண்டும் சார்." கணக்கென்றால் போட்டுப் பார்க்க வேண்டும், அறிவியல் என்றால் புரிந்துகொள்ள வேண்டும், சமூக அறிவியல் என்றால் நெட்டுருப் போட வேண்டும் என்று யாரோ எப்போதோ பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளும் அதை நம்பி, வரலாற்றையும் புவியியலையும் ஒரே ராகத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டு திண்ணையில் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள்.

ஒரே அட்டைக்குள் கிடந்தாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு குணமுள்ள நான்கு பாடங்கள். வரலாற்றைக் கதையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். புவியியலைக் கையால் வரைய வேண்டும். குடிமையியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பொருளியலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒன்றுக்குரிய முறையை இன்னொன்றில் கொண்டுபோய் வைத்தால் உழைப்பு அத்தனையும் வீண்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு இப்போது வந்திருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு தனித்தேர்வராக எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அரசுப் பணித் தேர்வுக்காக இதே நூல்களைத் தூசி தட்டி எடுத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பேனாவைத் தொடாத இரண்டு வாரம்

முதலில் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடநூலின் இரண்டு தொகுதிகள், தமிழில் அச்சான ஓர் அட்லஸ், கோடு போடாத நோட்டு ஒன்று, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெற்று வரைபடத் தாள்கள் ஒரு கட்டு, நான்கைந்து ஆண்டுகளின் பழைய வினாத்தாள்கள். இவற்றோடு பழைய மாதக் காலண்டர் ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள். அதன் பின்பக்கத்துக்கு வேலை இருக்கிறது. நோட்ஸ் எனப்படும் உரைநூலை இப்போது வாங்க வேண்டாம். அது கெட்ட பொருள் என்பதால் சொல்லவில்லை. முதல் நாளே கையில் இருந்தால் பாடநூலைத் திறக்கவே மனம் வராது.

வினாத்தாளின் அமைப்பை ஒருமுறை பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் விடைகள் 10, ஐந்து மதிப்பெண் விடைகள் 10, எட்டு மதிப்பெண் விடைகள் 2 என்று மொத்தம் 100 வருகிறது. கூட்டிப் பார்த்தால், ஐந்து மதிப்பெண் பகுதி மட்டுமே 50. பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு அழும் ஒரு மதிப்பெண் பகுதி வெறும் 14. உழைப்பு எங்கே போக வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அடுத்த இரண்டு வாரத்துக்குப் பேனா, பென்சில், கோடிடும் வண்ணப் பேனா எதையும் எடுக்காமல், நாளுக்கு ஒரு பாடமோ இரண்டோ, நாவல் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டு போங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். முதல் வாசிப்பிலேயே கோடிட்டால் பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும். பிறகு எது முக்கியம் என்று நூலுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வரலாறு: ஏன், அதனால் என்ன?

வரலாறு பிடிக்கவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்டுகளுக்குப் பயந்தவர்கள். ஆண்டைத் தனியாகப் படித்தால் அது வெறும் எண், வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு இடையே ஒரு முடிச்சைப் போட்டால் இரண்டும் நிற்கும்.

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1919 ஜூன் 28 அன்று வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே தேதி, சரியாக ஐந்து ஆண்டு இடைவெளி. இப்போது ஒரு தேதியைப் படித்தால் இரண்டு கிடைக்கிறது. அந்தப் போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்ததல்லவா என்று கேட்பவர்களுக்கு, 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக்கு வந்து எண்ணெய்க் கிடங்குகளின் மீது குண்டு வீசிய கதையைச் சொல்வேன். ஊரில் பெரியவர்கள் இன்றும் ஒருவரைப் பார்த்து "சரியான எம்டன்" என்கிறார்களே, அந்தச் சொல் வந்த வழி அதுதான். அதற்குப் பிறகு முதல் உலகப் போரை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை.

இனி காலண்டரை எடுங்கள். தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி நீளவாக்கில் ஒட்டி, நடுவே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே உலகம், கீழே இந்தியா, அதற்கும் கீழே தமிழ்நாடு. இதைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஏழெட்டு நிகழ்வுகளை மட்டும் அதில் ஏற்றுங்கள். 1919இல் மேலே வெர்செய்ல்ஸ், கீழே ரௌலட் சட்டமும் ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலையும். 1930க்கு வந்தால், தண்டி யாத்திரை மார்ச் 12 அன்று தொடங்கி ஏப்ரல் 6 அன்று முடிகிறது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்படுகிறார். மீண்டும் அதே ஏப்ரல் 13. சுவரில் பார்க்கும்போது இப்படிப்பட்ட பொருத்தங்கள் தாமாகக் கண்ணில் படும். பாடநூலில் இந்த நிகழ்வுகள் தனித்தனிப் பாடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தேர்வில் வரும் காலக்கோடு வினாவுக்கும் இந்தச் சுவரே போதும்.

அடுத்த பயிற்சி, புத்தகத்தை மூடிவிட்டு யாரிடமாவது கதை சொல்வது. தம்பியோ பாட்டியோ, ஆள் யாராக இருந்தாலும் சரி, நடுநடுவே "ஏன்?" என்றும் "அதனால் என்ன ஆயிற்று?" என்றும் கேட்க வேண்டும். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஏன்? சமயக் குறிகளும் காதணிகளும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று ராணுவ விதி வந்தது. அது மட்டுமா? திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். பிறகு? ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார். அதனால்? விதிகள் திரும்பப் பெறப்பட்டன, ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பாட்டியிடம் சொன்ன இந்தக் கதையை "காரணங்கள், நிகழ்வு, விளைவுகள்" என்ற மூன்று தலைப்பில் பிரித்து எழுதினால் அதுவே ஐந்து மதிப்பெண் விடை. வரலாற்றின் நெடுவினாக்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று தலைப்புக்குள் அடங்கிவிடும்.

புவியியல்: கை படிக்க வேண்டும்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். என் பத்தாம் வகுப்புத் தேர்வில் கோதாவரியை மேற்கே ஓடவிட்டு அரபிக்கடலில் கலக்கவைத்தேன். "கோதாவரி நாசிக் அருகே தோன்றி வங்கக்கடலில் கலக்கிறது" என்ற வரி எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

எனவே தினமும் பத்து நிமிடம், ஒரு வெற்று இந்திய வரைபடம். முதல் வாரம் இரண்டே கோடுகள். கிடையாகக் கடகரேகை, செங்குத்தாக 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. இரண்டாவது கோடுதான் நம் கடிகாரத்தைத் தீர்மானிக்கிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது; 82½ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருப்பதன் கணக்கு இவ்வளவுதான். இதை ஒருமுறை வகுத்துப் பார்த்தவர் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் ஊர்கள். தில்லி, போபால், பெங்களூரு, கன்னியாகுமரி ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியை ஒட்டி, நூல் பிடித்ததுபோல இருக்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தால் தில்லியில் போய் நிற்கும். அதேபோல, சென்னையிலிருந்து மேற்கே கோடு இழுத்தால் பெங்களூரு, அதையும் தாண்டினால் மங்களூரு. அட்லஸில் அளவுகோலை வைத்து இப்படி நீங்களே சில கோடுகளைக் கண்டுபிடியுங்கள். நான் சொல்லித் தெரிந்ததைவிட நீங்கள் தேடிப் பிடித்தது அதிக நாள் நிற்கும்.

மூன்றாம் வாரம் மலைகளும் ஆறுகளும். நடு இந்தியா பலரைக் குழப்பும். வடக்கிலிருந்து தெற்கே வரிசையாக விந்தியம், நர்மதை, சாத்பூரா, தபதி என்று மலை, ஆறு, மலை, ஆறு அடுக்காக வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இந்த இரண்டு ஆறுகளும் மேற்கே போகும்; மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய பெரிய ஆறுகள் கிழக்கே வரும். தீபகற்பப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்திருப்பதுதான் காரணம். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கோதாவரி தப்பித்திருக்கும்.

பிறகு மண், பயிர், கனிமம், தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக முந்தைய படத்தின் மேலேயே ஏற்றுங்கள். கரிசல் மண்ணைத் தீட்டிய இடத்தின் மேல் பருத்தியைத் தீட்டினால் இரண்டும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று விழும். "தக்காணத்தில் பருத்தி விளைவதற்குக் காரணம் கூறுக" என்ற வினாவுக்கு விடை உங்கள் வண்ணப் பென்சிலிலேயே வந்துவிட்டது.

காலநிலைப் பாடத்தை மட்டும் படமாகவும் கதையாகவும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நாம் மலையின் மறைவில் இருக்கிறோம். அக்டோபரில் திரும்பும் காற்று வங்கக்கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. தீபாவளிப் பட்டாசை மழையில் பறிகொடுத்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குடிமையியல்

இதற்கு ஓர் அகலமான அட்டவணை போதும். இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் இரண்டு கட்டங்கள்: ஒன்றியம், மாநிலம். குடியரசுத் தலைவர் எதிரில் ஆளுநர், பிரதமர் எதிரில் முதலமைச்சர், மக்களவை எதிரில் சட்டமன்றம். மாநிலங்களவைக்கு எதிரில் வரும்போது தமிழ்நாட்டுக் கட்டம் காலியாக நிற்கும். நம் சட்ட மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. அந்தக் காலிக் கட்டமே ஒரு மதிப்பெண். நம் எண்களையும் அங்கேயே எழுதிவிடுங்கள்: சட்டமன்றத்துக்கு 234, மக்களவைக்கு 39, மாநிலங்களவைக்கு 18. இப்படி எழுதினால் இரண்டு பாடங்கள் ஒரே பக்கத்தில் முடியும். "வேறுபடுத்துக" வகை வினாக்களும் கூடவே முடியும்.

அரசமைப்பில் ஒரு சிக்கல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 1949 நவம்பர் 26 ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள். 1950 ஜனவரி 26 நடைமுறைக்கு வந்த நாள். இரண்டையும் மாற்றி எழுதுவோர் ஆண்டுதோறும் உண்டு. திருத்தங்களில் 42 (1976), 44 (1978), 61 (1988), 73 (1992) ஆகியவற்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் யாருக்கு என்ன கிடைத்தது என்று படியுங்கள். 61ஆவது திருத்தத்தால் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது என்றால், இன்னும் மூன்றே ஆண்டில் வாக்குச்சாவடிக்குப் போகப்போகும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தன் கதை.

பொருளியல்: கடை ரசீது

பொருளியல் பாடங்கள் அளவில் சிறியவை. அதனாலேயே கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டு அரைகுறையாக நின்றுவிடுகின்றன. முதலிலேயே முடித்துவிடுங்கள் என்பது என் கட்சி.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன? திருப்பூர்க்காரருக்குத் தெரிந்த கணக்கொன்று போடுவோம். எண்கள் கற்பனைதான். விவசாயி 100 ரூபாய்க்குப் பருத்தி விற்கிறார். நூற்பாலை அதை நூலாக்கி 180க்கு விற்கிறது. துணியாகும்போது 300. பனியனாகிக் கடைக்கு வரும்போது 500. நான்கையும் கூட்டினால் 1,080 வரும். அது தவறு, ஏனென்றால் அதே பருத்தியை நான்கு முறை எண்ணியிருக்கிறோம். இறுதிப் பொருளின் 500ஐ மட்டும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பைக் கூட்டுங்கள்: 100, 80, 120, 200. அதுவும் 500. "இறுதிப் பண்டம்", "மதிப்புக் கூட்டு முறை" என்ற இரண்டு கலைச்சொற்களும் ஒரு பனியனுக்குள் அடங்கிவிட்டன.

வரி பற்றிய பாடத்துக்கு வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். சரக்கு மற்றும் சேவை வரி ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் சம பாதியாகப் பிரிந்து இரண்டு வரிகளில் அச்சாகியிருக்கும். 2017 ஜூலை 1 அன்று வந்த வரி இது. கடைக்காரர் கட்டுகிறார், சுமை உங்கள் மேல் விழுகிறது. ஆகவே மறைமுக வரி. உணவுப் பாதுகாப்புப் பாடத்துக்குக் குடும்ப அட்டையும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டு வந்த ஒருவரோடு அரை மணி நேரப் பேச்சும் போதும்.

நான்கும் சந்திக்கும் இடம்

நான் டெல்டாக்காரன். எங்கள் பக்கம் ஜூன் 12 என்றால் மேட்டூர் அணை திறக்கும் நாள். திறந்தார்களா இல்லையா என்பதை வைத்தே அந்த ஆண்டின் முகம் தெரியும். பாதிப் பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளை ஒரு முழுத் தாளில் மேட்டூர் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்வேன்.

1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வைத்தார்கள். இது வரலாறு. நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் அதை நிரப்புகிறது, அந்த மாதங்களில் டெல்டாவில் போதிய மழை கிடையாது. இது புவியியல். ஆறு ஒன்று, மாநிலங்கள் பல. அரசமைப்பின் 262ஆவது பிரிவு, 1990இல் காவிரி நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. இது குடிமையியல். ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவை, வராவிட்டால் சம்பா மட்டும். ஒரு போகம் போனால் கூலியும் வைக்கோலும் கடைத்தெரு வியாபாரமும் சேர்ந்து போகும். இது பொருளியல். தாளில் எது எந்தப் பாடம் என்று கோடு கிழித்துப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் திணறுவார்கள். அந்தத் திணறலைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

உங்கள் ஊரில் அணை இல்லாமல் இருக்கலாம். சிவகாசியில் இருப்பவர் தீக்குச்சியிலிருந்தும், ஆம்பூரில் இருப்பவர் தோல் பதனிடும் தொழிலிலிருந்தும் இதேபோலத் தொடங்கலாம்.

எழுதிப் பார்ப்பது

டிசம்பருக்குள் மேலே சொன்னவை முடிந்தால், அதன் பிறகு உரைநூலை வாங்கலாம். பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கு நீங்கள் எழுதிய விடையோடு ஒப்பிடுவதற்கு மட்டும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அரைப் பக்கம் எழுதும் நல்ல பிள்ளைகள் பலர். கூடுதல் மதிப்பெண் கிடைக்காது, நேரம்தான் போகும். இரண்டு கருத்து, இரண்டு மூன்று வரி, முடிந்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கு உள்தலைப்பு இட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒன்றிரண்டு கருத்துகள். "கூற்று, காரணம்" வினாவில் இரண்டும் உண்மையாக இருந்து, காரணம் கூற்றை விளக்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே "ஏனென்றால்" என்று போட்டு வாசித்தால் பொருத்தம் தெரிந்துவிடும்.

பாடநூல் சொல்வதும் செய்தித்தாள் சொல்வதும் வேறுபடும் இடங்கள் உண்டு. மக்கள்தொகை எண்கள் 2011 கணக்கெடுப்பைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் இப்போது மாவட்டங்கள் 38. பழைய பதிப்பில் குறைவாக இருக்கும். சரக்கு மற்றும் சேவை வரியின் அடுக்குகள் 2025 செப்டம்பரில் மாறின. உங்கள் கையில் இருப்பது அந்த ஆண்டின் பதிப்புதானா என்று பாருங்கள். தேர்வில் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள். தெரிந்ததைக் காட்ட வேண்டிய இடம் விடைத்தாள் அன்று.

மார்ச்சில் வாரம் ஒரு முழுத் தேர்வு, கடிகாரத்தை எதிரே வைத்து, மூன்று மணி நேரம். வரைபடத்தை எப்போது எடுப்பது என்று கேட்பார்கள். ஒரு மதிப்பெண் பகுதி முடிந்ததும், கை தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பென்சிலின் முனையைக் கூராக்கி, முதலில் கன்னியாகுமரியிலிருந்து தில்லி வரை கண்ணாலேயே ஒரு கோடு இழுங்கள். பிறகு ஊர்களைக் குறியுங்கள்.